குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா: வாழ்வும் பணியும்

புதுப்பட்டினத்தில் நம் இல்லத்திற்கு எதிரே ஒரு மழலையர் பள்ளி உண்டு. கல்லூரி விடுமுறை நாள்களில், காலை பத்து மணியளவில் அங்கிருந்து எழும் பாட்டொலி கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்துகளின் இரைச்சலையும் மீறி நம் வாயிலை வந்தடையும். மீனவர் குடியிருப்புப் பிள்ளைகளும், கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் பணிபுரிவோரின் பிள்ளைகளும், நம் பள்ளிவாசல் தெருப் பிள்ளைகளும் ஒரே குரலாய்ப் பாடுவது சேலத்து மாம்பழத்தைப் பற்றியும், தட்டு நிறைந்த லட்டைப் பற்றியுமே. இப்பாடல்களை இயற்றியவர் யாரென்று அங்குள்ள ஆசிரியை ஒருவரை ஒருமுறை வினவினோம். அவை பழைய பாட்டுகள், யாரும் எழுதியவையாக இரா என்றார் அவர். அவ்விடையைக் கேட்டு மகிழ்வதா, வருந்துவதா என்று நமக்கு விளங்கவில்லை. எழுதியவன் பெயர் மறைந்து பாட்டு மட்டும் வாழ்வது நாட்டுப்புறப் பாடலுக்கே உரிய பேறு. ஆயினும் இப்பாடல்களுக்கு ஓர் ஆசிரியர் உண்டு. அவர்தாம் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா.

தமிழ்த்துறையின் மலரில் இவரைப் பற்றி எழுதத் துணிவதற்கு நமக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்குத் தலைப்புத் தேர்ந்த வேளையில், தமிழ்க் குழந்தைப் பாடல்களை ஆராயலாம் என்ற விருப்பத்தைத் தெரிவித்தோம். எதிரில் இருந்த பெரியவர் சிரித்தார். பாலர் வகுப்புப் பாட்டில் ஆராய என்ன இருக்கிறது, யாப்பு உண்டா, அணி உண்டா, தத்துவம் உண்டா என்று அடுக்கினார். மறுமொழி கூறும் துணிவு அன்று நமக்கில்லை. இசுலாமியப் புலவர்கள் பாடிய பிள்ளைத்தமிழ் நூல்களைத் தலைப்பாக எடுத்துக்கொண்டு, ஆய்வேட்டை முடித்துப் பட்டமும் பெற்றோம். அவ்வாய்வு வீண்போகவில்லை, வள்ளியப்பாவின் அருமையை உணர்த்தியதே அதுதான். அது எவ்வாறு என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

வள்ளியப்பா 1922ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7ஆம் நாள் இராயவரத்தில் பிறந்தார். அவ்வூர் அன்று புதுக்கோட்டைத் தனியரசைச் சேர்ந்தது. தந்தையார் அழகப்பச் செட்டியார். தாயார் உமையாள் ஆச்சி. தந்தையார் பெயரே 'அழ.' என்ற முன்னெழுத்தாக நின்றது. பிள்ளைகளைச் சிரிக்க வைத்தவருக்கு இப்படியொரு முன்னெழுத்து வாய்த்ததை மாணவர்கள் சுட்டி நகைப்பதுண்டு. நகரத்தார் குடும்பங்களில் ஆண்பிள்ளைகள் இளமையிலேயே கணக்குப் பழகி, பர்மாவுக்கோ மலேயாவுக்கோ கடைக்குச் செல்வது அக்கால வழக்கம். வள்ளியப்பாவும் உயர்நிலைப் பள்ளிக் கல்வியோடு நின்றார். கல்லூரி வாயிலை மாணவராக மிதிக்கவில்லை. அவர் கப்பலேறவுமில்லை, சென்னைக்கு வந்தார்.

1940ஆம் ஆண்டு 'சக்தி' அலுவலகத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. அதனை நடத்திய வை. கோவிந்தனும் இராயவரத்துக்காரரே. தமிழ்ப் பதிப்புலகில் நல்ல தாளில், நல்ல அச்சில், எளிய விலையில் நூல்களைத் தந்த முன்னோடி அவர். அங்கு வள்ளியப்பாவின் வேலை எழுத்து வேலையன்று, காசாளர் வேலை. பணத்தை எண்ணிக்கொண்டிருந்த அவ்விளைஞரிடம் எழுத்தார்வம் இருப்பதைக் கண்டு ஊக்கியவர் இதழாசிரியர் தி. ஜ. ர. அவ்வூக்கத்தால் பிறந்த முதல் கதையின் பெயர் 'ஆளுக்குப் பாதி' என்பதாகும். இத்தலைப்பை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

அடுத்த ஆண்டே, அதாவது 1941இல், இந்தியன் வங்கியில் பணியேற்றார். ஓய்வு பெறும்வரை சுமார் நாற்பது ஆண்டுகள் வங்கி ஊழியமே அவருக்குச் சோறிட்டது. பகலில் பேரேடு, இரவில் பாட்டு என்பது அவர் வாழ்க்கை. ஆங்கில நாட்டிலும் இத்தகைய ஒருவர் இருந்தார். ஆறும் கரையும் அங்கு வாழும் சிற்றுயிர்களும் நிறைந்த ஒரு கதையை 1908இல் வெளியிட்டுப் பிள்ளைகளின் உள்ளங்கவர்ந்த கென்னத் கிரகாம், இங்கிலாந்து வங்கியின் செயலாளராகப் பணியாற்றியவர். எண்ணோடு பழகிய கைகளுக்குச் சொற்களை எண்ணிப் போடும் சிக்கனமும் வந்துவிடுகிறது போலும்.

1944இல் இருபத்து மூன்று பாடல்களைக் கொண்ட சிறு தொகுதி ஒன்று வெளிவந்தது. 1954இல் 'மலரும் உள்ளம்' என்ற பெயரில் 135 பாடல்கள் கொண்ட தொகுதியும், 1961இல் அதன் அடுத்த தொகுதியும் வந்தன. அவர் வாழ்நாளில் எழுதிய பாடல்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்படும் என்பர். எண்ணிக்கையைக் கொண்டு ஒரு கவிஞரை மதிப்பிடும் பழக்கம் நமக்கில்லை. ஒரே ஒரு பாடலை எடுத்துக்கொண்டு சிறிது பொறுமையாக நோக்குவோம்.

லட்டுப் பாட்டை அறியாதார் இலர். அடிதோறும் ஈற்றில் ஒரே ஓசை, அதுவும் நாவை மேலண்ணத்தில் அறைந்து எழுப்பும் இரட்டை டகரம். மூன்று வயதுப் பிள்ளையின் நாவுக்கு அது ஒரு விளையாட்டு. கைதட்டுவதற்கு அதுவே தாளம். தட்டில் இருப்பவை எட்டு. அண்ணன் பாதியை எடுத்துக்கொள்கிறான். எஞ்சியதைத் தங்கை தின்கிறாள். ஆளுக்கு நான்கு, தட்டு காலி. இவ்வளவே கதை. ஒரு கூட்டல், ஒரு கழித்தல், ஒரு வகுத்தல் இதனுள் அடங்கியுள்ளன. காசாளர் கணக்கு அன்றோ! ஆனால் கணக்குக் கற்பிக்கிறேன் என்று கவிஞர் எங்கும் வாய் திறக்கவில்லை.

அதனினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. அண்ணனுக்கும் நான்கு, தங்கைக்கும் நான்கு. ஆண்பிள்ளைக்கு ஒரு கை கூடுதலாய்ப் பரிமாறும் வழக்கம் நம் வீடுகளில் இன்றும் ஒழிந்தபாடில்லை. நோன்பு திறக்கும் விரிப்பிலேகூட அதனைக் காணலாம். அவ்வழக்கத்தைக் கண்டித்து ஒரு சொல்லும் இப்பாட்டில் இல்லை. சமமாகப் பகிர்வதே இயல்பு என்பதுபோலப் பாட்டு நடந்து முடிந்துவிடுகிறது. முதல் கதையில் தலைப்பாகவே நின்ற சொல், இங்குச் சொல்லப்படாமலே பிள்ளையின் நினைவில் தங்கிவிடுகிறது. மாம்பழப் பாட்டும் இவ்வாறே. பழத்தின் நிறத்தையும் சுவையையும் அடுக்கிக்கொண்டே சென்று, இறுதியில் பங்கிட்டு உண்ண எல்லாரையும் அழைத்து முடிகிறது.

இனி, பிள்ளைத்தமிழைப் பற்றிக் கூறுவதாகச் சொன்னோம். காப்பு முதலாகப் பத்துப் பருவம் வகுத்து, இறைவனையோ அரசனையோ அடியாரையோ குழந்தையாகப் பாவித்துப் பாடுவது பிள்ளைத்தமிழ். நபிகள் நாயகத்தின் மீதும் இறைநேசர்கள் மீதும் நம் புலவர்கள் பாடிய பிள்ளைத்தமிழ்கள் சந்த இன்பத்திற்குப் பெயர் பெற்றவை. ஆனால் அந்நூல்களை ஆராய்ந்த மாதங்களில் ஒன்று தெளிவாயிற்று. பிள்ளைத்தமிழில் குழந்தை பாடப்படுகிறது; குழந்தை பாடுவதில்லை. தால் அசைக்குமாறும் சப்பாணி கொட்டுமாறும் வேண்டுபவர் பெரியவர். கேட்டு உருகுபவரும் பெரியவரே. எந்தக் குழந்தையும் பிள்ளைத்தமிழைப் பாடி விளையாடியதில்லை. ஔவையின் ஆத்திசூடி பிள்ளைக்காக எழுந்ததுதான். எனினும் அங்கும் பேசுவது முதியவள் குரல். 1915இல் பாரதியார் பாடிய பாப்பாப் பாட்டில் அன்பு ததும்புகிறது. ஆயினும் பாப்பாவை எதிரில் அமர்த்தி அறிவுரை கூறும் தந்தையின் குரலே அது. கவிமணி இன்னும் நெருங்கி வந்தார். பசுவையும் கன்றையும் பிள்ளையின் கண்ணால் பார்க்கத் தொடங்கியவர் அவர். அப்பாதையில் மேலும் நடந்து, பிள்ளையின் பக்கத்தில் தரையில் அமர்ந்து, பிள்ளையின் வாய்க்கே பாட்டைக் கொடுத்தவர் வள்ளியப்பா. இரண்டாயிரம் ஆண்டு இலக்கியத்தில் இது சிறிய மாற்றமன்று. நம் ஆய்வேட்டின் முடிவுரையில் இதனை ஒரு பத்தியாக எழுதியிருந்தோம்; பொருந்தாது என்று நீக்கச் சொன்னார்கள்; நீக்கினோம்.

மொழித் தூய்மையில் ஆர்வமுடைய நம் நண்பர் சிலர், லட்டு தமிழ்ச் சொல்லா, அல்வா தமிழ்ச் சொல்லா, மல்கோவா தமிழ்ச் சொல்லா என்று வினவுவர். அவர்களோடு வாதிட நமக்கு விருப்பமில்லை. வீட்டில் வழங்கும் சொல்லைப் பாட்டிலிருந்து விலக்கினால், பிள்ளைக்குத் தன் வீடு வேறு, தமிழ் வேறு என்றாகிவிடும். வள்ளியப்பா புழங்கு சொற்களை அஞ்சாது எடுத்தாண்டார். அதே வேளையில் அவருடைய அடிகளில் ஓசை வழுக்காது. மோனையும் எதுகையும் இயல்பாய் விழும். இலக்கணம் அறிந்து அதனை மறைத்துக்கொண்டவரின் எளிமை அது. யாப்பு உண்டா என்று அன்று கேட்ட பெரியவருக்கு நாம் சொல்லாமற்போன மறுமொழியும் இதுவே.

தாம் எழுதினால் போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்ற முன்னின்றார். 'சக்தி' வை. கோவிந்தன் அதன் முதல் தலைவராக விளங்கினார். பெரியவர்களுக்கு எழுத இயலாதவரே பிள்ளைகளுக்கு எழுதுவர் என்ற எண்ணம் நிலவிய காலம் அது. தனித்தனியே, இதழ்களின் ஓரத்துப் பக்கங்களில் எழுதிவந்தவர்களை ஒரு கூரையின் கீழ்க் கூட்டியது அச்சங்கம். தம்பி சீனிவாசன், பூவண்ணன் போன்றோர் அக்கூட்டத்தில் வளர்ந்தவர்கள். எழுதுவோரைப் பற்றிய விவரங்களைத் திரட்டி நூலாகவும் வெளியிட்டது. பெயர்ப்பட்டியல்தானே என்று எண்ணுதல் கூடாது. ஒரு துறையில் இத்தனை பேர் உழைக்கிறார்கள் என்று காட்டிய பின்னரே அதற்குப் பரிசும் மதிப்பும் வந்து சேரும். பாடல் ஆசிரியரின் பெயர் தெரியாமற்போகும் நிலையை அவர் அன்றே உணர்ந்திருந்தார் என்று கருத இடமுண்டு.

'பூஞ்சோலை' இதழின் ஆசிரியராக இருந்தார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றபின் 1983இல் 'கோகுலம்' இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். 'கதை சொன்னவர் கதை' என்ற நூலில் உலகப் புகழ்பெற்ற பிறநாட்டுக் கதைஞர்களின் வாழ்வைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தார். நேஷனல் புக் டிரஸ்டுக்காக எழுதிய 'நம் நதிகள்' இந்திய மொழிகள் பலவற்றிற்குச் சென்றது.

உரைநடையில் அவருடைய 'பர்மா ரமணி'யைத் தனியே குறிப்பிட வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய விமானங்கள் பர்மா மீது குண்டு வீசிய காலத்தைப் பின்புலமாகக் கொண்ட சிறுவர் நாவல் அது. 1941 டிசம்பரில் இரங்கூன் தாக்கப்பட்டது. அடுத்து வந்த மாதங்களில் இலட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும் கால்நடையாகவும் தாயகம் திரும்பினர். மலைவழியில் மாண்டோர் பலர். நகரத்தாரைப் போலவே தமிழ் முசுலிம்களும் அங்கு வணிகத்திலும் கூலி வேலையிலும் வாழ்ந்திருந்தனர். நம் பாட்டனாரின் தமையனாரும் அவ்வாறு நடந்து வந்தவர். அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. கேட்டால் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு வெளியே பார்ப்பார் என்று நம் தந்தையார் கூறுவார். நாம் எட்டாம் வகுப்பில் படித்தபோது நூலகத்திலிருந்து 'பர்மா ரமணி'யைக் கொண்டுவந்தோம். படித்து முடித்தபின் அதனைத் தந்தையார் எடுத்துக்கொண்டார். இரண்டு இரவுகள் விளக்கணைக்கவில்லை. வீட்டுப் பெரியவர் வாய்திறவாமல் விட்டதை ஒரு சிறுவர் நாவல் வழியாக எங்கள் குடும்பம் ஓரளவு அறிந்துகொண்டது. இம்மலரைப் படிக்கும் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கும் இத்தகைய உறவினர் இருந்திருப்பர்.

குறையே இல்லையா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். உண்டு. தலைவர்களைப் பற்றியும் நல்லொழுக்கம் பற்றியும் அவர் எழுதிய பாடல்கள் சிலவற்றில், பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் எழுந்து மேடையேறிவிடுகிறார். விடுதலை பெற்ற புதிதில் நாடெங்கும் அம்மேடைக் குரல் ஓங்கியிருந்தது. அவர் மட்டும் அதற்குத் தப்ப இயலவில்லை. அத்தகைய பாடல்களை எதிர்ப்பள்ளிப் பிள்ளைகள் பாடி நாம் கேட்டதில்லை. இரண்டாயிரத்தில் சில பத்துப் பாடல்கள் மக்கள் நாவில் நிலைத்தாலும் அதுவே ஒரு கவிஞனுக்குப் பெருவெற்றி என்பது நம் கருத்து.

அவருடைய இறுதி நாள் தமிழாசிரியர் யாவரும் அறிய வேண்டிய ஒன்று. 1989 மார்ச் 16ஆம் நாள், மதுரை காமராசர் பல்கலைக்கழகக் கூட்டம் ஒன்றில் அவர் கலந்துகொண்டார். குழந்தை இலக்கியத்தைப் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று எடுத்துரைத்தார். அங்கேயே மயங்கி விழுந்தார், உயிர் பிரிந்தது. அகவை அறுபத்தாறு. கல்லூரியில் படிக்காத ஒருவர், கல்லூரிகளில் தம் துறைக்கு ஓர் இடம் கேட்டு வாதாடிய நாளிலேயே மறைந்தார். அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்தும் நம்மைப் போன்ற மாணவர் ஒருவருக்கு அவ்வாயில் திறக்கவில்லை. இன்று நிலை மாறியுள்ளது. குழந்தை இலக்கியம் குறித்த ஆய்வேடுகள் பல பல்கலைக்கழகங்களில் வந்துள்ளன. 2022இல் அவர் பிறந்து நூறாண்டு நிறைந்தது.

சென்ற பருவத்தில் நம் இரண்டாமாண்டு மாணவர்களுக்கு ஓர் ஒப்படைப்பு அளித்தோம். நான்கு வயதுப் பிள்ளை பாடத்தக்க எட்டு அடிப் பாட்டொன்று எழுத வேண்டும். அறிவுரை கூடாது. எளிது என்று எண்ணி ஒரே இரவில் எழுதி வந்தனர். படித்துப் பார்த்தால் பெரும்பாலானவை அறிவுரைகளே! பல் துலக்கு, பாடம் படி, பெரியோரை மதி என்று அனைவரும் மேடையேறிவிட்டிருந்தனர். மும்முறை திருப்பிக் கொடுத்தோம். நான்காம் முறையில் நாலைந்து தேறின. அவற்றுள் ஒரு மாணவி எழுதியது நோன்புக் கஞ்சியைப் பற்றியது. தூக்குவாளியுடன் பள்ளிவாசல் வரிசையில் நிற்கும் சிறுமி, கஞ்சியை வாங்கித் திரும்பும் வழியில் பக்கத்து வீட்டுத் தோழிக்கு ஊற்றிக் கொடுக்கிறாள். வீடு சேரும்போது வாளியில் பாதிதான் இருக்கிறது. லட்டுப் பாட்டின் சாயல் அதில் இருந்தது. அதை நாம் குறையாகக் கருதவில்லை.

அப்பாட்டை எதிர்ப்பள்ளி ஆசிரியையிடம் கொடுத்தோம். ஒரு வாரம் கழித்துப் பிள்ளைகள் பாடக் கேட்டபோது, ஐந்தாம் அடியில் ஒரு சொல் மாறியிருந்தது. 'பகிர்ந்து' என்று மாணவி எழுதியிருந்த இடத்தில் 'ஊத்தி' என்று பாடினார்கள். ஆசிரியை எவ்வளவு திருத்தியும் அவர்கள் கேட்கவில்லையாம். மாணவியை அழைத்து வந்து கேட்கச் செய்தோம். சற்று நேரம் வாயிற்படியில் நின்று கேட்டாள். பின்பு கைப்பையிலிருந்து தாளை எடுத்து, தன் சொல்லை அடித்துவிட்டுப் பிள்ளைகளின் சொல்லை எழுதிக்கொண்டாள்.